போதும் என்று சொல்ல ஒருவர் போதும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், சமூகக் கூடத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். பொருள், மலையேற்றம். மரக்காணத்தில் உட்கார்ந்துகொண்டு மலையைப் பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குச் சிரிப்பு வரலாம். நம் மொட்டை மாடியில் நின்று பார்த்தால் கண்ணில் படுகிற பெரிய உயரம் உப்புக் குவியல்தான். அதையும் மழைக்கு முன்னால் ஓலை போட்டு மூடிவிடுகிறார்கள்.

ஆனால் விஷயம் இருக்கிறது. நம் நடைக் குழு வருகிற ஜனவரியில் செஞ்சிக்குப் போகிறது. இங்கிருந்து திண்டிவனம் வழியாகச் சுமார் 65 கிலோமீட்டர். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்கம் என்று மூன்று மலையையும் ஒரே நாளில், மதியத்துக்குள் ஏறி இறங்குவதாகத் திட்டம். இதுவரை 26 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இருவர் இருவராகப் பிரிந்து போவது என்று முடிவாகியிருக்கிறது. போன வாரம் வாட்ஸ்அப் குழுவில், எந்த ஜோடி முதலில் முடிக்கிறது பார்க்கலாம் என்று பந்தயப் பேச்சும் கிளம்பிவிட்டது. அதனால்தான் செயலாளரிடம் நானே நேரம் கேட்டு வாங்கினேன்.

ஒரு மலையில் ஏறி அதே வழியில் இறங்குவது ஒரு வகை. ஒரு சிகரத்தில் ஏறி, அங்கிருந்து முகடு வழியாகவே அடுத்த சிகரத்துக்குப் போய், வேறு பக்கமாக இறங்குவது இன்னொரு வகை. இதை மலையேறுபவர்கள் 'ட்ராவர்ஸ்' என்கிறார்கள். முகட்டுக் கடப்பு என்று நாம் வைத்துக்கொள்ளலாம்.

முகடு எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். உப்பளத்தில் இரண்டு பாத்திகளுக்கு நடுவே போகிற வரப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வரப்பில் கால் சறுக்கினால் கணுக்கால் அளவு உப்புத் தண்ணீரில் விழுவோம். அங்கே இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கான அடி பள்ளம்.

முகட்டுக் கடப்பில் வேகம் முக்கியம். முகட்டில் காற்றுக்கு மறைவு இல்லை, கூடாரம் போட இடம் இல்லை. பிற்பகலில் மேகம் சூழ்ந்துவிடும். ஆகவே சீக்கிரம் கடக்க வேண்டும். சீக்கிரம் கடக்கச் சுமையைக் குறைக்க வேண்டும். சுமை என்றால் என்ன? சாப்பாடு, எரிபொருள், கூடாரம், உபரிக் கயிறு. நான் வணிகவியல் படித்தவன், எனக்கு இது வேறு மாதிரிதான் தெரிகிறது. கையிருப்பைக் குறைத்து வேகத்தை வாங்குகிறார்கள். எல்லாம் கணக்குப்படி நடந்தால் லாபம். ஒரு நாள் தாமதமானால் எடுத்துக் கொடுக்கக் கையில் ஒன்றும் இருக்காது.

கயிற்றிலும் இதே கணக்குதான். இருவர் ஏறும்போது, ஒருவர் பாறையில் தன்னைக் கட்டிக்கொண்டு நின்று கயிற்றைப் பிடிக்க, மற்றவர் ஏறலாம். பத்திரமான முறை. ஆனால் எப்போதும் ஒருவர் சும்மா நிற்பதால் நேரம் கூடும். நேரத்தை மிச்சப்படுத்த, இருவரும் ஒரே கயிற்றில் பிணைந்தபடி ஒரே சமயத்தில் நகரலாம். அப்போது ஒருவர் சறுக்கினால், நடுவே கயிறு பாறையில் எங்கும் மாட்டப்பட்டிருக்காவிட்டால், அவர் மற்றவரையும் இழுத்துக்கொண்டு போவார். மூன்றாவது, கயிறே இல்லாமல் போவது. வேகம் கூடக் கூட, ஒருவர் உயிர் மற்றவர் காலில் இருக்கிறது.

நம் நாட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். உத்தராகண்டில் நந்தாதேவி இருக்கிறது. இரட்டைச் சிகரம். முதன்மைச் சிகரம் 7,816 மீட்டர், கிழக்குச் சிகரம் 7,434 மீட்டர். முதன்மைச் சிகரத்தை 1936-இல் டில்மன், ஓடெல் என்ற இருவர் எட்டினார்கள். கிழக்குச் சிகரத்தை 1939-இல் போலந்துக்காரர்கள் எட்டினார்கள். இரண்டையும் இணைக்கிற முகடு இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். தூரம் என்று பார்த்தால் நம் காலை நடையில் பாதி. ஆனால் அது ஏறக்குறைய 7,000 மீட்டர் உயரத்துக்கு மேலே. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கிற பிராணவாயு, கடற்கரையில் நமக்குக் கிடைப்பதில் ஐந்தில் இரண்டு பங்குதான்.

1951-இல் பிரான்சிலிருந்து ஒரு குழு வந்தது. தலைவர் ரோஜர் டூப்லா. முதன்மைச் சிகரத்தில் ஏறி, முகட்டைக் கடந்து, கிழக்குச் சிகரம் வழியாக இறங்க வேண்டும் என்பது அவர் திட்டம். அந்த அளவு உயரத்தில் அப்படி ஒன்றை அதுவரை யாரும் செய்ததில்லை. அவர் துணையாகத் தேர்ந்துகொண்டது, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த கில்பர்ட் வின்யேயை. கிழக்குப் பக்கம் அவர்களை எதிர்கொண்டு அழைத்துவர இன்னொரு குழு காத்திருந்தது. அதில் டென்சிங் நார்கே இருந்தார். ஆமாம், இரண்டு வருடம் கழித்து எவரெஸ்டில் நின்ற அதே டென்சிங்தான்.

ஜூன் 29 அன்று டூப்லாவும் வின்யேயும் குறைந்த சுமையோடு மேல் முகாமிலிருந்து கிளம்பினார்கள். முதன்மைச் சிகரத்தை நோக்கி அவர்கள் ஏறிக்கொண்டிருந்ததைத் தோழர்கள் பார்த்தார்கள். அதுதான் கடைசி. பிறகு அவர்களை யாரும் பார்க்கவில்லை.

கிழக்கே காத்திருந்தவர்கள் நாள் கணக்கில் பார்த்தார்கள். பிறகு டென்சிங்கும் லூயி டுபோ என்ற பிரெஞ்சுக்காரரும் தேடுவதற்காகக் கிழக்குச் சிகரத்தில் ஏறினார்கள். ஜூலை முதல் வாரத்தில் உச்சியை எட்டினார்கள். அங்கிருந்து முகட்டைப் பார்த்தால் ஆள் நடமாட்டத்துக்கான அடையாளமே இல்லை. தான் ஏறியவற்றிலேயே மிகக் கடினமானது எது என்று கேட்டால் எல்லோரும் எவரெஸ்டை எதிர்பார்ப்பார்கள். டென்சிங் சொன்னது நந்தாதேவி கிழக்குச் சிகரத்தை.

அந்த இருவருக்கும் என்ன நேர்ந்தது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆகவே அவர்களைக் குறை சொல்ல நமக்கு இடமில்லை. ஆனால் திட்டத்தின் அமைப்பைப் பார்க்கலாம். ஏறிய வழியில் இறங்கினால் நம் காலடித் தடம், முகாம், உணவு எல்லாம் வழியில் இருக்கும். முகட்டில் பாதி தூரம் போய்விட்டால் திரும்புவதும் போவதும் ஒரே தூரம். அதிலும் அவர்கள் கடைசியில் இறங்க வேண்டியிருந்தது, தாங்கள் ஏறிப் பார்த்திராத கடினமான பக்கம்.

சரியாக 25 வருடம் கழித்து, 1976-இல், இந்திய ஜப்பானியக் கூட்டுக் குழு ஒன்று அதே முகட்டுக்குப் போனது. இரண்டு சிகரங்களின் பக்கமும் முகாம்கள் அமைத்தார்கள். ஹசேகவா, தகாமி என்ற இரண்டு ஜப்பானியர்கள் கிழக்கிலிருந்து தொடங்கி முதன்மைச் சிகரத்துக்குக் கடந்தார்கள். திசையைக் கவனியுங்கள். கடினமான பக்கத்தை உடம்பில் தெம்பு இருக்கும்போதே ஏறிவிட்டார்கள். களைத்துப்போய் இறங்கும்போது, ஒப்பிட்டால் எளிதான பக்கம் கிடைத்தது. செஞ்சிக்கு நாம் வரிசை போடும்போது இது உதவும்.

வேகமும் துணையும் நன்றாகப் பொருந்தினால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு உதாரணம். தென் அமெரிக்காவில் பட்டகோனியா என்ற பகுதியில் ஃபிட்ஸ்ராய் மலைத்தொடர் இருக்கிறது. 2014 பிப்ரவரியில் டாமி கால்டுவெல், அலெக்ஸ் ஹானல்ட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அங்கே ஏழு சிகரங்களையும் தொடர்ச்சியாக 5 நாளில் கடந்தார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு உறக்கப் பை. ஒருவர் முன்னால் போய்க் களைத்தால் மற்றவர் முன்னால் போவார். வேகம் என்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. சுவிட்சர்லாந்துக்காரர் உவெலி ஸ்டெக். 2015-இல் ஆல்ப்ஸ் மலையில் 4,000 மீட்டருக்கு மேற்பட்ட 82 சிகரங்களை 62 நாளில் ஏறியவர். 2017-இல் எவரெஸ்டையும் பக்கத்துச் சிகரமான லோட்சேயையும் ஒரே மூச்சில் கடக்கத் திட்டமிட்டார். துணை, டென்ஜி ஷெர்பா என்ற இளைஞர். கடும் குளிரில் டென்ஜியின் கை பாதிக்கப்பட்டதால் அவர் ஓய்வில் இருந்தார். ஸ்டெக் பயிற்சிக்காக நுப்ட்சே பக்கம் தனியாகப் போனார். ஏப்ரல் 30 அன்று விழுந்து இறந்தார். உலகத்திலேயே வேகமான மலையேறிகளில் ஒருவர்.

நம் ஊருக்கு வருவோம். கோவை வெள்ளியங்கிரியில் பக்தர்கள் ஏழு மலை ஏறுகிறார்கள். பிப்ரவரி முதல் மே வரை கூட்டம். பெரும்பாலும் இரவில் ஏறுகிறார்கள். இதய நோய், மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனாலும் ஏறும்போது மயங்கி விழுந்து இறந்தார் என்ற செய்தி ஏறக்குறைய ஒவ்வொரு வருடமும் பத்திரிகையில் வருகிறது. நம் உயரம் 7,000 மீட்டர் இல்லை, 800 அடிதான் என்று அலட்சியமாக இருக்க முடியாது. நம் வயதும் இருபது இல்லை.

இப்போது நான் 34 வருடம் வேலை பார்த்த வங்கிக்கு வருகிறேன். இங்கே பாதிப் பேருக்குக் கூட்டுக் கணக்கு இருக்கும். 'ஐதர் ஆர் சர்வைவர்' என்று படிவத்தில் டிக் அடித்திருப்பீர்கள். கணவன், மனைவி யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம். ஆனால் அந்த இருவரில் ஒருவர் வந்து, இந்தக் கணக்கை நிறுத்தி வையுங்கள் என்று எழுதிக் கொடுத்தால், நாங்கள் நிறுத்திவிடுவோம். ஏன் என்று கேட்க மாட்டோம். மற்றவரிடம் போய் அனுமதி வாங்கி வா என்று சொல்ல மாட்டோம். திரும்ப நடத்த வேண்டுமென்றால் மட்டும் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

அதாவது, நிறுத்த ஒரு கையெழுத்து. தொடர இரண்டு கையெழுத்து. பணத்துக்கே இப்படி ஒரு விதி வைத்திருக்கிறோம். மலையில் இருவர் போகும்போது இதை விட நல்ல விதி எனக்குத் தெரியவில்லை.

இந்த விதியைக் கீழேயே பேசி முடிக்க வேண்டும். மேலே போய்ப் பேசினால் சரிப்படாது. உயரமான மலையில் பிராணவாயு குறைந்து புத்தி மந்தமாகிவிடும். நம் செஞ்சியில் அது நடக்காது. ஆனால் வெயிலும் தாகமும் ரோஷமும் அதே வேலையைச் செய்யும். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற நினைப்பு இருக்கிறதே, அது பெரிய பகை. செலவான பணம் செலவானதுதான், அதை வைத்து அடுத்த செலவை முடிவு செய்யாதே என்று கல்லூரியில் முதல் வருடமே சொல்லிக்கொடுத்தார்கள். ஏறிய படிக்கட்டும் அப்படித்தான்.

போன ஜனவரியில் நானும் பி பிளாக் நண்பரும் இந்த மூன்று மலையை முயன்று பார்த்தோம். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். எனக்கு வயது 67, அவருக்கு 64. கிளம்புவதற்கு முன் இரண்டு விஷயம் முடிவு செய்தோம். மணி 12 ஆனால் எங்கே இருந்தாலும் இறங்க வேண்டும். இருவரில் யார் போதும் என்றாலும் அத்துடன் நிறுத்த வேண்டும்.

நுழைவுச் சீட்டு கொடுக்கத் தொடங்கியதும் முதல் ஆளாக ராஜகிரியில் ஏறினோம். மூன்றில் உயரமானது அதுதான், சுமார் 800 அடி. உச்சிக்கு முன்னால் ஒரு பிளவும் அதன் மேல் பாலமும் வரும். அங்கே நின்று பார்த்தபோது, இந்தக் கோட்டையை ஏன் சுலபமாகப் பிடிக்க முடியவில்லை என்று புரிந்தது. இறங்கி, திருவண்ணாமலை சாலையைக் கடந்து கிருஷ்ணகிரியில் ஏறி இறங்கினோம். அடிவாரத்துக்கு வரும்போது மணி 11.40. மூன்றாவது மலை எதிரே தெரிகிறது. எனக்குக் கால் நன்றாகத்தான் இருந்தது. நண்பர் ஒரு கல்லில் உட்கார்ந்து, 'போதும் சார்' என்றார். இறங்கும்போது முழங்கால் நடுங்கியிருக்கிறது. சரி என்றேன். இளநீர் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். இவ்வளவுதான் நடந்தது.

அதன் பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. லிப்டில், பார்க்கில், வாட்ஸ்அப்பில் எல்லாம் ஒரே கேள்வி. 'ரெண்டுதானா? யார் அவுட்?' சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள், கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. என்னிடமே இரண்டு பேர் வந்து, 'பாவம் சார், உங்களையும் சேர்த்து இழுத்துட்டாரே' என்றார்கள். இந்த வருடப் பட்டியலில் நண்பர் பெயர் இல்லை. கேட்டால், 'நான் வந்தா உங்களுக்குத்தான் கெடும்' என்கிறார்.

நண்பர்களே, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அன்று அவர் செய்தது, நாங்கள் பேசி வைத்திருந்த வேலையை. அவர் வாயை மூடிக்கொண்டு மூன்றாவது மலையில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த மலையில் மற்ற இரண்டைப் போல நல்ல படிக்கட்டு கிடையாது. புதரும் கல்லும்தான். உச்சிவெயிலில் பாறை சுடும். நடுவழியில் முழங்கால் விட்டுவிட்டால் 67 வயதுக்காரன் ஒருவன் அவரைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க முடியுமா? போதும் என்று சொன்னவரைக் கேலி செய்தால், அடுத்த முறை யாரும் சொல்ல மாட்டார்கள். வலியை மறைத்துக்கொண்டு ஏறுவார்கள். வெற்றிக் கதைகளில் யார் எத்தனை சிகரம் என்று எழுதுகிறார்கள். எத்தனை பேர் சரியான நேரத்தில் போதும் என்றதால் உயிரோடு வீடு வந்தார்கள் என்று யாரும் எண்ணுவதில்லை.

இனி நம் பயணத்துக்குச் சில யோசனைகள். சங்கம் ஏற்றுக்கொண்டால் அறிவிப்புப் பலகையில் போடலாம்.

முதலில் நேரக் கணக்கு. 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு எளிய வாய்பாடு சொன்னார். சமதளத்தில் மணிக்கு 3 மைல், அதாவது சுமார் 5 கிலோமீட்டர். அதற்கு மேல் ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டு. இதன்படி ராஜகிரியின் 800 அடிக்கு 24 நிமிடம், அதோடு நடை தூரத்துக்கான நேரம். இது பழகிய கால்களுக்கான கணக்கு. நாங்கள் ஏற ஒரு மணி இருபது நிமிடம் எடுத்தோம். ஆகவே நம் வயதுக்காரர்கள் வாய்பாட்டில் வருவதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். இறங்குவதற்கும் கிட்டத்தட்ட அதே நேரம் வைக்க வேண்டும். முழங்கால் வலிப்பது இறங்கும்போதுதான்.

இரண்டாவது, வரிசை. ராஜகிரி முதலில், கிருஷ்ணகிரி அடுத்து. மூன்றாவது மலை, 11 மணிக்குள் இரண்டையும் முடித்தவர்களுக்கு மட்டும்.

மூன்றாவது, திரும்பும் நேரம். 12 மணி. நம் உப்பளத் தொழிலாளர்களைப் பாருங்கள். விடிவதற்கு முன்னால் பாத்தியில் இறங்குகிறார்கள். வெயில் உச்சிக்கு வருவதற்குள் கரையேறிவிடுகிறார்கள். இன்னும் நாலு கூடை வாரலாமே என்று நிற்பதில்லை. வெயிலை அவர்களை விட நன்றாகத் தெரிந்தவர்கள் இங்கே யாரும் இல்லை.

நான்காவது, துணை. வேகம் ஒத்துப்போகிறவர்கள் சேர்ந்து போகட்டும். கிளம்புவதற்கு முன் ஒருவருக்கொருவர் உடல் நிலையைச் சொல்லிவிடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயத்தில் ஸ்டென்ட், என்ன மாத்திரை, எந்தப் பையில் இருக்கிறது. வேகமாகப் போகிறவர் மெதுவாக வருகிறவரை விட்டுவிட்டு முன்னால் போகக் கூடாது. மெதுவாக வருகிறவர் முன்னால் நடந்தால் இந்தப் பிரச்சினையே வராது.

ஐந்தாவது, தண்ணீர். ஆளுக்கு 2 லிட்டர். பாதி தீர்ந்தால் இறங்கத் தொடங்குங்கள். தின்பண்டப் பொட்டலத்தைக் கையில் தொங்கவிடாதீர்கள், குரங்குகள் பிடுங்கிவிடும்.

கடைசி விதி, நிறுத்த ஒரு கையெழுத்து. இருவரில் ஒருவர் போதும் என்றால் இருவரும் இறங்க வேண்டும். மலையில் காரணம் கேட்கக் கூடாது. வீடு திரும்பிய பிறகு கேலி கூடாது. வாட்ஸ்அப்பில் யார் எத்தனை மலை என்ற பட்டியலும் வேண்டாம். 26 பேர் போனார்கள், 26 பேரும் நல்லபடியாக வந்தார்கள் என்று ஒரு வரி போட்டால் போதும்.

பெயர்ப் பதிவேடு வாசல் மேசையில் இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே துணையின் பெயர் எழுத ஒரு கட்டம் உண்டு. என் பெயருக்கு எதிரே இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. எனக்கு வேண்டியது வேகமான ஆள் இல்லை, சரியான நேரத்தில் போதும் என்று சொல்கிற ஆள். அப்படி ஒருவரை எனக்குத் தெரியும், இரண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். சார், பேனாவும் அங்கேயே வைத்திருக்கிறேன்.